ஊருக்குச் சொல்லாமல் போனவர்

தேவராஜா ஊரைவிட்டுப் போனது 1983ஆம் ஆண்டு மார்கழியில், ஒரு சனிக்கிழமை. வேறு நாளில் போயிருந்தால் ஊருக்குத் தெரியவர ஒரு கிழமையாவது எடுத்திருக்கும். சனிக்கிழமைக் காலைகளில்தான் அவர் வீட்டு முன்னறையில் இருந்து தொகுதி ஆட்களைச் சந்திப்பார். அன்றைக்கும் ஆட்கள் நேரத்துக்கே வந்து விறாந்தையில் கிடந்த நீள வாங்குகளில் வரிசையாக இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து நின்றவள் அவருடைய தங்கை தேவகுமாரி.

அண்ணன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார், அங்கிருந்து மெட்ராஸுக்குப் போவார் என்று அவள் சொன்னாள். எப்போது வருவார் என்று ஒருவர் கேட்டார். மூன்று மாதம் என்று அண்ணன் தன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லும்போதே அது நடக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டவர்களுக்கும் தெரிந்தது. ஒவ்வொருவராக எழும்பி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

தேவராஜா வழக்கறிஞர். இலுப்பையடியில் எல்லோருக்கும் தெரிந்த மெதடிஸ்த குடும்பம். எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலில், வலிகாமத்தில் அந்தத் தொகுதிக்கு அதுவரை ஒருவரும் எடுக்காத வாக்கெடுத்து நாடாளுமன்றம் போனவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தனிநாடு கேட்கமாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்யவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அவரும் அவருடைய கட்சிக்காரரும் சத்தியம் செய்ய மறுத்தார்கள். ஆசனம் போயிற்று. ஊர் அதைப் பெருமையாகத்தான் கதைத்தது. ஆசனம் போனால் போகட்டும், ஆள் இருக்கிறாரே என்றார்கள். இப்போது ஆளும் இல்லை.

தேவகுமாரி மிஷன் பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தாள். நாற்பது வயது கடந்துவிட்டது. கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் இல்லை. எழுபத்தேழில் அண்ணனுக்காக வீடு வீடாக நடந்தவள் அவள்தான். அண்ணன் மேடைகளில் பேசிக்கொண்டிருந்த நேரம் அவள் குசினிகளில் இருந்து பெண்களோடு கதைத்தாள். "என்ரை அண்ணைக்கு நான் பொறுப்பு" என்று எத்தனையோ வீடுகளில் சொன்னாள். பெண்கள் அவளை நம்பித்தான் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகும் ஒருவர் வாங்கில் இருந்தார். ஏரம்பு என்ற புகையிலைத் தோட்டக்காரர். அவருடைய ஒரே மகன் கதிரவேலுவைச் சந்தியில் வைத்து ராணுவம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. தெற்கில் எங்கோ ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்.

அண்ணன் இல்லை என்று அவள் திரும்பவும் சொன்னாள்.

"தெரியும் ரீச்சர். வேறை எங்கை போறதெண்டு தெரியேல்லை" என்றார் ஏரம்பு.

அவள் முன்னறைக் கதவைத் திறந்தாள். அண்ணனின் கதிரையில் இருக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்து, கதிரவேலுவின் பெயரையும் வயதையும் அவன் அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் என்பதையும் கேட்டு ஒரு மனு எழுதினாள். பின்னேரம் ஏரம்புவும் அவர் மனைவி சின்னாச்சியும் ஒரு கடகத்தில் கத்தரிக்காய் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை இன்னும் கூட. அவள் மனு எழுதினாள், அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனாள், முகாம் வாசலில் தாய்மாரோடு வெயிலில் நின்றாள். நீங்கள் யார் என்று அதிகாரிகள் கேட்டபோது, முந்தின எம்.பி.யின் தங்கை என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவளை யாரும் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்யப்பட்டவர் மெட்ராஸில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு அறிக்கை விட்டார். அவளால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டொரு பிள்ளைகளைத் தாய்மார் பார்க்க விட்டார்கள். மற்ற மனுக்களுக்குப் பதிலே இல்லை. கதிரவேலுவுக்கும் இல்லை.

இதற்கிடையில் அவளோடு பழகியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றாகப் படிப்பித்த சுகிர்தம் அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக் குடும்பம் கனடாவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவளுடைய வரிசையில் அவள் மட்டும் இருந்தாள். வீட்டில் ஒரு சுண்டு அரிசி அளந்து போட்டாலே சோறு மிஞ்சியது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து அடுத்த நாள் காலையில் தின்றாள். கதைப்பதற்கு ஆள் இல்லாத நாட்களில், வகுப்பில் படிப்பிப்பதுதான் அவள் வாய் திறக்கிற நேரம்.

சனிக்கிழமைகளில் வருகிறவர்களும் குறைந்தார்கள். ராணுவம் முகாம்களுக்குள் அடங்கிய பிறகு ஊர்க் காரியங்களை ஆயுதம் ஏந்திய பெடியளின் இயக்கம் பார்த்தது. எல்லைத் தகராறு, கிணற்றுப் பங்கு, களவு எல்லாம் அங்கே போனது. கச்சேரி மாதிரி இழுத்தடிப்பு இல்லை, கையோடு தீர்ப்பு என்று சனம் சொன்னது. தீர்ப்புப் பிழைத்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் பழைய கிரேக்க நகரங்களின் ஆட்சிமுறையைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒருவரின் ஆட்சி, சிலரின் ஆட்சி, பலரின் ஆட்சி. ஒவ்வொன்றும் எப்படிக் கெட்டுப்போகும் என்பது. பரீட்சைக்கு வழக்கமாக வருகிற கேள்வி. அதற்குப் பிறகு ஏதென்ஸைப் பற்றிய ஒரு சின்னப் பகுதி வரும். அங்கே பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் சாதாரண குடிமக்களுக்கு முன்னால் வந்து நின்று, தான் செய்ததற்கும் செய்யாததற்கும் பதில் சொல்லவேண்டும். அது முடியும்வரை அவர் ஊரைவிட்டுப் போகக்கூடாது. சொத்தை விற்கக்கூடாது. கோயிலுக்குக்கூட எதையும் எழுதிக்கொடுக்கக்கூடாது.

வருடக்கணக்காக அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அன்றைக்குப் போக முடியவில்லை. பிள்ளைகள் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆசனம் போனதும் அண்ணனின் கடமை முடிந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அந்த மனிதர்கள் வேறு மாதிரி நினைத்திருக்கிறார்கள். பதவி முடிகிற இடத்தில்தான் அவர்களுக்குக் கடமை தொடங்கியிருக்கிறது.

எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து இந்திய ராணுவம் இறங்கியது. முகாம்களில் இருந்த பிள்ளைகளை விட்டார்கள். ஏரம்பு ஒவ்வொரு பஸ் வந்தபோதும் போய்ப் பார்த்தார். கதிரவேலு எதிலும் வரவில்லை. அந்த ஐப்பசியில் இந்திய ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டபோது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன ஏரம்பு பீரங்கிச் செல் விழுந்து செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. ஊரடங்கு. தேவகுமாரி போனபோது எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. சின்னாச்சி அவளைக் கண்டதும் அழவில்லை. அடுப்படியில் இருந்த பலகையை எடுத்து இருக்கப் போட்டாள்.

எண்பத்தொன்பது பிறந்ததும் பொதுத்தேர்தல் வந்தது. தை மாதத்தில் ஒரு பகல் தேவராஜா ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே கட்சி ஒழுங்குபண்ணிய காவலாட்கள் துவக்குகளோடு. தலை முழுவதும் நரைத்திருந்தது. மனைவியும் பிள்ளைகளும் இப்போது லண்டனில் என்றார். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்து தன்னுடைய கதிரையில் இருந்தார். தேவகுமாரி தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாள். அதற்காக இத்தனை வருடங்களுக்குப் பிறகு அலுமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்துத் தூசி கழுவியிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். முந்தி மாதிரி அவள் வீடுகளுக்குப் போகவேண்டும். பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள்.

"போறன் அண்ணை. அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா சனத்துக்கு முன்னாலை வந்து இருக்கவேணும்" என்றாள் தேவகுமாரி.

"கூட்டமோ? வைப்பம்."

"கூட்டமில்லை. நீங்கள் கதைக்கிறேல்லை. அவையள் கேக்கிறது, நீங்கள் பதில் சொல்லுறது."

"நான் களவெடுத்தனானே, தேவி?"

"இல்லை. கள்ளனிட்டை மட்டுமே கணக்குக் கேக்கிறது?"

அவர் கோபப்படவில்லை. நீதிமன்றத்தில் பேசுகிற மாதிரி நிதானமாக விளக்கினார். சத்தியம் செய்யாமல் விட்டது மக்களுக்குக் கொடுத்த வாக்குக்காக. ஊரில் இருந்திருந்தால் யாரோ ஒருவர் கையால் செத்திருப்பார். அதோடு இப்போது தொகுதி என்று ஒன்றுமே இல்லை. புதிய முறையில் மாவட்டம் முழுவதுக்கும் ஒரே தேர்தல். இலுப்பையடிச் சனத்துக்கென்று தனியாகப் பதில் சொல்ல என்ன இருக்கிறது?

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் இருந்திருந்தால் செத்திருப்பார் என்பதும் உண்மைதான். அவர் கூட்டாளிகள் சிலர் அப்படித்தான் போனார்கள். ஆனாலும் அவள் விடவில்லை. கடைசியில் அவர் சம்மதித்தார். வருகிற சனிக்கிழமை, பாடசாலை மண்டபத்தில்.

அந்தக் கிழமை முழுவதும் பாடசாலை விட்ட பிறகு அவள் சைக்கிளில் சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போனாள். வாக்குக் கேட்கவில்லை, வந்து கேள்வி கேளுங்கள் என்றுதான் கேட்டாள். பல வீடுகளில் ஆளே இல்லை. இருந்தவர்கள் படலைக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்கள். தேர்தல் பக்கம் போகக்கூடாது என்று இயக்கம் சொல்லியிருந்தது. காவலாட்கள் நிற்கிற மண்டபத்துக்குள் போய் இருந்துவிட்டு, நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. முந்தித் தன்னைக் கண்டதும் குசினிக்குள் கூட்டிப்போன வீடுகளின் படலையடியில் நின்று திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை மண்டபத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கனகலிங்கம், தபாற்கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறியவர். மற்றது சின்னாச்சி. வெளியே வேப்பமரத்தடியில் சிலர் வேறு வேலையாக நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். உள்ளே வரவில்லை.

தேவராஜா வெறும் வாங்குகளைப் பார்த்தார். சனத்துக்குக் கேட்க ஒன்றும் இல்லைப் போலிருக்கிறது என்று மெல்லத் தங்கையிடம் சொன்னார். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாள் அவள்.

கனகலிங்கம் எழும்பி, சமஷ்டியைப் பற்றி நீளமாக ஒரு கேள்வி கேட்டார். தேவராஜா அதற்கு நன்றாகப் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் பழையபடி வந்தது. கனகலிங்கம் திருப்தியோடு இருந்தார்.

சின்னாச்சி எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஐயா, போகேக்கை எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் சட்டத்தில் தொடங்கினார். சத்தியப்பிரமாணம், கட்சியின் முடிவு, அன்றைய நிலைமை. சின்னாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவருக்கே வசனம் முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பயமாயிருந்தது" என்றார். "சொன்னால் நீங்கள் மறிப்பியள் எண்டு பயம். நிண்டால் சாவன் எண்டு பயம். அதுதான் ஆருக்கும் சொல்லேல்லை."

தேவகுமாரி அண்ணனைப் பார்த்தாள். தான் பயப்படுவதாக அவர் சொல்லி, சின்ன வயதிலிருந்து ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

"ஓம். எங்களுக்கும் பயமாய்த்தான் இருந்தது" என்றாள் சின்னாச்சி. பிறகு மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் எழும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் தேவராஜா உற்சாகமாக இருந்தார். ஒரு பாரம் இறங்கியதுபோல இருக்கிறது என்றார். நாளையிலிருந்து அவள் வீடுகளுக்குப் போகத் தொடங்கலாம் என்றும் சொன்னார். போகிறேன் என்றாள் தேவகுமாரி. ஆனால் மண்டபத்தில் சொன்னதையே தேர்தல் நோட்டீஸிலும் போடவேண்டும் என்றாள். வராதவர்களுக்கும் அந்தப் பதில் சேரவேண்டும்.

"விசர்க்கதை கதையாதை. அது ரெண்டு பேருக்குச் சொன்னது. ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கேலுமே?"

"உங்களுக்குப் புள்ளடி போட்டது ரெண்டு பேரில்லை அண்ணை."

அதோடு பேச்சு நின்றது. நோட்டீஸ் வேறு மாதிரி வந்தது. கொள்கைக்காக ஆசனத்தைத் துறந்தவர் என்று அதில் இருந்தது. இலுப்பையடி மக்கள் திரண்டு வரவேற்றார்கள் என்றும் இருந்தது. தேவகுமாரி வீடுகளுக்குப் போகவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஜீப்பில் போய்ப் பொழுதுபடமுன் வந்தார். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். குழம்பை எடு, தண்ணீர் தா என்பதற்கு மேல் கதை இல்லை. தனியாக இருந்த வருடங்களில்கூட அந்த வீடு அவளுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

தேர்தலன்று அவள் நடந்தே போனாள். அவளுடைய பாடசாலையின் வகுப்பறை ஒன்றுதான் வாக்குச்சாவடி. வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மறைப்புக்குப் பின்னால் நின்று வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தாள். போட்டியிட்டவர்களில் சிலரை அவளுக்குத் தெரியாது. சிலருக்குப் போடவே முடியாது. பயந்துபோனேன் என்று ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அந்தச் சீட்டில் ஒருவர்தான். பிறகு அதை மறைத்தவரும் அவர்தான். அவள் அவருடைய கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி போட்டு, கீழே விருப்பு வாக்காக அவருடைய இலக்கத்துக்கும் போட்டாள். ஊரிடம் போய்க் கேட்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தன்னுடைய ஒரு வாக்கைக் கொடுக்காமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

தேவராஜா தோற்றார். கட்சிக்கே இலுப்பையடிப் பக்கத்தில் வாக்கு விழவில்லை. இரண்டு நாளில் அவர் பெட்டியைக் கட்டினார். ஜீப் வந்து படலையில் நின்றது. விறாந்தைப் படியில் நின்று கேட்டார்.

"நீ ஆருக்குப் போட்டனீ?"

"அதை நீங்கள் கேக்கக்கூடாது அண்ணை."

"எனக்கு எதிராய்த்தானே?"

"நீங்கள்தான் எங்களுக்குப் பதில் சொல்லவேணும். நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

அவர் சிரித்தார். வழக்கில் தோற்ற பிறகு எதிர்ப்பக்க வழக்கறிஞரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் பின்னால் படலைவரைக்கும் போனாள். உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார். அதனால் சொல்லவில்லை. ஜீப் திரும்பும்போது, சொல்லித் தொலைத்திருக்கலாம் என்றிருந்தது.

அவர் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணனை ஊருக்கு முன்னால் இருத்திக் கேவலப்படுத்தியவள் என்று மைத்துனி சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னாள். கொழும்பிலிருந்த மாமன் மகள்கூட மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவதை நிறுத்தினாள். தொண்ணூறில் இந்திய ராணுவம் போய், ஆனி மாதத்தில் இலங்கை ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் திரும்பவும் சண்டை தொடங்கியபோது எல்லோருக்குமே பாதை மூடிவிட்டது. மின்சாரம் இல்லை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மருந்து எதுவும் சரியாக வருவதில்லை. தேவகுமாரி தொடர்ந்து படிப்பித்தாள். சனிக்கிழமைகளில் முன்னறைக் கதவைத் திறந்துதான் வைத்தாள். ஒருவரும் வரவில்லை. இப்போது யாரும் யாரைப் பற்றியும் மனு எழுதுவதில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தேவராஜா லண்டனில் காலமாகிவிட்டார். மாரடைப்பு. நடந்து இரண்டு மாதம் ஆகிறது. வன்னியிலிருந்து நீரேரி கடந்து வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்திருக்கிறார். சபையில் மிஞ்சியிருந்தவர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். பெரிய மனிதர் என்றார்கள். கொள்கைக்காக ஆசனத்தைத் துறந்தவர் என்று ஒருவர் சொன்னார். நோட்டீஸில் இருந்த அதே வசனம்.

பின்னேரம் சின்னாச்சி வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. வெள்ளைச் சீலையின் முந்தானையில் ஒரு துண்டு பனங்கட்டி முடிந்துகொண்டு வந்திருந்தாள். சீனியைக் கண்ணால் காணாத காலம். தேவகுமாரி வெறுந்தேத்தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேரும் முன்னறையில் இருந்து பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள்.

"நான் எலக்சனண்டைக்கு அண்ணைக்குத்தான் போட்டனான்" என்றாள் தேவகுமாரி. "அவருக்குச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சின்னாச்சி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் போகேல்லை ரீச்சர். போவமெண்டு வெளிக்கிட்டனான். சீலையும் மாத்தியாச்சு. பிறகு படலையடியிலை கொஞ்சநேரம் நிண்டுபோட்டு உள்ளை வந்திட்டன்."

"ஏன் அக்கா?"

"தெரியாது" என்றாள் சின்னாச்சி. "ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."

தேவகுமாரி தான் போகாமல் விட்ட வீடுகளை நினைத்தாள். தான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் தோன்றியது. ஆனால் போயிருந்தால், சீலை மாற்றிக்கொண்டு படலையடியில் நின்ற இந்த மனுசியைக் கண்டிருப்பாள். அது அவள் யோசித்திராத விஷயம்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. பொழுதுபட முன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சின்னாச்சி எழும்பினாள். விளக்குக்கு எண்ணெய் இல்லை, இருட்டினால் ஒழுங்கை தெரியாது.

"இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ அக்கா" என்றாள் தேவகுமாரி. "இருட்டினால் நான் கூட்டிக்கொண்டு வந்து விடுறன்."

சின்னாச்சி வெளியே ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, இவ்வளவு நேரமும் ஒருவரும் இருக்காமல் விட்ட தேவராஜாவின் கதிரையில் இருந்தாள்.